மூன்றாம் நீவல்

விடிவதற்குச் சற்று முன்னால், தெருமுனையில் பால் வண்டி வந்து நிற்கிற நேரத்தில், கலைவாணி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். டக். ஒரே தடவைதான். பல்லியாக இருந்தால் விட்டு விட்டுச் சொல்லும். சமையல் மேடையில் கவிழ்த்து வைத்த டம்ளர் சரிந்திருந்தால் உருண்டு ஓடும். தலைக்கு மேலே சிமெண்ட் ஷீட் ராத்திரிக் குளிரில் சுருங்கி நெட்டி முறிப்பதும் அவளுக்குப் பழக்கமான சத்தம்தான், அது நீளமாக முனகிக்கொண்டே வரும். இது சின்னதாகவும் உலர்ந்ததாகவும் இருந்தது.

பக்கத்தில் படுத்திருந்த மகள் பிரீத்தி தூக்கத்திலேயே பெருமூச்சு விட்டு, குறுக்கி வைத்திருந்த கால்களை நீட்டிக்கொண்டாள்.

அதைப் பார்த்த பிறகுதான் அது என்ன சத்தம் என்று கலைவாணிக்குப் பிடிபட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் கால் நீட்டுவது அந்த வீட்டுப் பழக்கம். அவள் புருஷன் தணிகைவேலின் வலது கை மோதிர விரல், மடக்கினால் மடங்கியபடியே மாட்டிக்கொள்ளும். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து விரலை இழுக்கிற நரம்பு தடித்துப்போய்விட்டது என்று யாரோ டாக்டர் சொன்னாராம். நிமிர்த்தும்போது டக்கென்று தெறித்துத் திறக்கும். அவன் கை முஷ்டியாக இருக்கிறவரைக்கும் அம்மாவும் பெண்ணும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். டக் கேட்டுவிட்டால் கை திறந்துவிட்டது, இன்றைக்கு இவ்வளவுதான் என்று அர்த்தம். அதற்கப்புறம் சோறு தின்னலாம், படுக்கலாம்.

தணிகைவேல் செத்துக் கருமாதியும் முடிந்துவிட்டது.

அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். கதவுத் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. அவனுடைய சட்டை ஆணியில் தொங்கியது, கழற்றிப் போட வேண்டும் என்று நினைத்து நினைத்து விட்டுப்போனது. அவளுடைய வலது கை மாவுக்கட்டு கல்லாகக் கனத்தது. கட்டைவிரலையும் சேர்த்து முழங்கைக்குக் கீழே வரை போட்ட கட்டு, நான்கு விரல்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இடது கையால் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எதுவும் அசைந்திருக்கவில்லை.

ஆந்திர எல்லையிலிருக்கிற சத்தியவேட்டில் அந்தத் தெருவைக் கேட்டால், தணிகைவேலைப் போல ஒரு மனுஷன் உண்டா என்பார்கள். தலை முந்தாமல் கால் முந்திப் பிறந்தவன். அப்படிப் பிறந்தவன் நீவினால் சுளுக்கு ஓடிப்போகும் என்பதில் தமிழருக்கும் தெலுங்கருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. கம்பெனி ஷிப்ட் வேன் ஓட்டப் போவதற்கு முன், விடிந்தும் விடியாததுமாக வாசலில் இரண்டு பேராவது காத்திருப்பார்கள். வரதய்யபாளையத்திலிருந்துகூட முதல் பஸ்ஸில் வருவார்கள். கைராசிக்காரன் என்று பெயர். அந்தக் கை வீட்டுக்குள் என்ன செய்யும் என்பது ஊருக்கு வேண்டாத சங்கதி. ஒட்டுச்சுவர் வீட்டுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் சுவருக்குக் காதுதானே உண்டு, வாய் ஏது.

நீவலுக்கென்று அவன் சில சட்டங்கள் வைத்திருந்தான். சூரியன் வருவதற்கு முன் நீவ வேண்டும். வந்தவர் முகம் கழுவியிருக்கக் கூடாது. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்தான் தடவ வேண்டும். நீவி முடிகிறவரைக்கும் எவ்வளவு வலித்தாலும் வாய் திறக்கக் கூடாது. தொடர்ந்து மூன்று காலை நீவ வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. "பாதியில உட்டா நீவுனவன் கை அங்கியே நின்னுடும்" என்பான். வந்தவர்கள் அதைக் கேட்டுப் பயபக்தியோடு தலையாட்டுவார்கள்.

கலைவாணியின் கையில் அடிபட்ட அன்றைக்குப் பிரீத்தி அவனுடைய செல்போனைத் தண்ணீர் பக்கெட்டில் போட்டுவிட்டாள். பக்கெட் விளிம்பில் வைத்துப் பாட்டு கேட்டுக்கொண்டே துணி அலசினாள், வழுக்கி விழுந்துவிட்டது. அதுவரைக்கும் அவன் கை மகள் மேல் பட்டதில்லை. கலைவாணி பட விட்டதில்லை என்பதுதான் சரி. கல்யாணமான நாளிலிருந்து அவள் தனக்கென்று ஒன்றும் கேட்டவளில்லை. அந்தக் கை பெண்ணின் மேல் விழக் கூடாது, அந்த ஒரு வைராக்கியத்தில்தான் அவள் உயிரோடு இருந்தாள். அவன் கை ஓங்கியதும் தன் வலது கையை நடுவில் கொண்டுபோனாள்.

அவன் அதையே பிடித்துக்கொண்டான். கட்டைவிரலை விறைப்பாக நீட்டினால் அதன் அடியில், மணிக்கட்டோரம், ஒரு சின்னக் குழி விழும். மூக்குப்பொடி போடுகிறவர்கள் பொடியை வைத்து உறிஞ்சுகிற குழி. அந்தக் குழியில் தன் கட்டைவிரலை அழுத்தி, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கித் தள்ளினான். அவள் உள்ளங்கையை ஊன்றிச் சிமெண்ட் தரையில் விழுந்தாள். மணிக்கட்டுக்குள்ளே ஏதோ ஒன்று இடம் மாறியது.

டக்.

"ஏமே, எழுந்திரு. சுளுக்கிக்கிச்சா? நாளிக்குக் காலைல நீவி உடறேன்" என்றான், ஒன்றுமே நடக்காத குரலில். "உன்ன நானு கைவுட மாட்டேன்டி. கை புடிச்சவன் இல்லியா."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை அவனைப் போல் அழகாகச் செய்தவன் இல்லை. மறுநாள் விடியற்காலையில் எண்ணெய் காய்ச்சி, அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு நீவினான். குழியில் அந்தக் கட்டைவிரல் இறங்கியபோது அவளுக்குக் கண் இருட்டியது. வாய் திறக்கக் கூடாது, சட்டம். அவளுக்கு அது புதிதில்லை. இரண்டாம் நாளும் நீவினான். அன்று சாயங்காலம் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "நாளிக்கு மூணாவது. அத்தோட உட்டுடும்" என்று சிரித்துவிட்டுப் போனவன், வேனை ஷெட்டில் விட்டுவிட்டு பைக்கில் திரும்பி வருகையில், வரதய்யபாளையம் ரோட்டில் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதினான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. சொந்தக்காரப் பெண்கள் அவள் வீங்கிய மணிக்கட்டைப் பிடித்து, இரண்டு கையையும் மோத வைத்து வளையல் உடைத்தபோதுதான் அலறினாள். புருஷன் மேல் எவ்வளவு ஆசை பார் என்று பேசிக்கொண்டார்கள்.

உள்ளூரில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, சுளுக்குதான் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்த பிறகும் கையால் கதவுத் தாழ்ப்பாளைக்கூடத் தள்ள முடியாமல் போகவே, கருமாதி முடிந்த கையோடு திருப்பதிக்கு பஸ் ஏறினாள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் கிரண்குமார் என்று ஒரு இளம் டாக்டர். சென்னையில் படித்தவர், தமிழையும் தெலுங்கையும் கலந்துகட்டிப் பேசினார்.

"எலா பட்டாவம்மா?" என்றார்.

எப்படி விழுந்தாய் என்று கேட்கிறார். அவளுக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். ஆனால் வலியில் அந்தச் சொல் ஒரு கணம் தமிழாகவே காதில் விழுந்தது. எப்படிப் பட்டாய் என்று இதுவரை அவளை யாரும் கேட்டதில்லை. பட்டதைச் சொல்வதா, விழுந்ததைச் சொல்வதா என்று தடுமாறி, "பஸ் படியில கால் தவறிச்சி சார், கைய ஊணிகினு வுழுந்துட்டேன்" என்றாள். விழுந்தது உண்மைதான். தள்ளியவன் பெயரைத்தான் சொல்லவில்லை.

டாக்டர் அந்தக் குழியில் விரலை வைத்தார். அவள் துள்ளிவிட்டாள். புதிதாக எடுத்த படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மணிக்கட்டில் கூழாங்கற்கள் மாதிரி எட்டு எலும்புகள், இரண்டு வரிசையாக. அதில் ஒன்று படகு போல வளைந்திருந்தது. அதன் நடுவில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு.

"இதுதான் உடைஞ்சிருக்கு. முதல்ல தெரியாது, எல்லாரும் சுளுக்குன்னு விட்டுடுவாங்க. இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்துலேருந்து திரும்பி வருதம்மா. நடுவுல உடைஞ்சா பின்பாதிக்கு ரத்தம் போகாது. செத்துப்போகும்."

"எலும்பு சாவுமா சார்?"

"சாகும். சுத்தி எல்லாம் உயிரோட இருக்கும். அது மட்டும் செத்து உள்ளேயே உட்கார்ந்திருக்கும்." அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். "எவரைனா, யாராவது நீவினாங்களா?"

"எங்க வூட்டுக்காரரு."

"உடைஞ்ச எலும்பை நீவலாமா? அவரைக் கூட்டிட்டு வா, நான் பேசறேன்."

"அவரு பூட்டாரு சார்."

"எங்கே?"

அவள் தரையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற நர்ஸ்தான் தாழ்ந்த குரலில் "சனிபோயினாரு சார்" என்று சொல்லி, செத்துப்போனதை விளங்க வைத்தாள். டாக்டர் கட்டுப் போட்டு, விரல்களை மட்டும் மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கச் சொல்லி அனுப்பினார். திரும்பும்போது பஸ்ஸில் ஒருவர், புத்தூரில் இறங்கிக் கட்டு கட்டியிருக்கலாமே அம்மா என்று ஆலோசனை சொன்னார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செத்தது உள்ளேயே உட்கார்ந்திருக்கும் என்ற பேச்சு மட்டும் ஊர் வரைக்கும் கூடவே வந்தது.

சத்தம் கேட்ட அந்த விடியற்காலைக்குப் பிறகு வாசனை வந்தது. முதலில் பக்கத்து வீட்டுத் தாளிப்பு என்று நினைத்தாள். மத்தியானம், எல்லா அடுப்பும் அணைந்த நேரத்தில், வெயில் ஷீட்டைக் காய்ச்சி வீடு முழுக்கப் பழைய துணியும் சிமெண்டும் கலந்த நெடி அடிக்கும்போது, அதற்கடியில் மெல்ல, தட்டிய பூண்டும் சூடான நல்லெண்ணெயும் மணத்தது. அவன் போன பிறகு அவள் வீட்டில் நல்லெண்ணெயே வாங்கவில்லை. சமையல் மேடையை மோந்து பார்த்தாள், அவன் சட்டையை மோந்து பார்த்தாள், கடைசியில் மூக்கைக் கட்டின் விளிம்புக்குள் வைத்துப் பார்த்தாள்.

அங்கேதான் இருந்தது.

பிரீத்தி பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு மத்தியானம் கட்டுக்குள்ளே அரிப்பு எடுத்தது. வியர்வை அரிப்பு எல்லாருக்கும் வருவதுதான். விளக்கமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி, கட்டின் மேல் விளிம்பு வழியாக உள்ளே விட்டுச் சொறிந்தாள். சுகமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே, மணிக்கட்டு வரை தள்ளினாள். தெருவில் கேஸ் சிலிண்டர்காரன் இரும்பைத் தட்டிக்கொண்டு போனான். குச்சியை வெளியே இழுத்தாள். வரவில்லை. எங்கோ துணியில் சிக்கியிருக்கும் என்று திருகி இழுத்தாள்.

உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள்.

மெதுவாகத்தான். விளையாட்டாக. குச்சி அவள் விரல்களுக்கிடையே வழுக்கிக்கொண்டு ஒரு விரற்கடை உள்ளே போயிற்று. நின்றது. பிறகு விட்டுவிட்டது. அவள் அதை உருவித் தரையில் எறிந்தாள். காய்ந்த குச்சி, நுனியிலிருந்து பாதி வரை எண்ணெயில் மினுமினுத்தது.

அவள் அப்படியே வாசலுக்கு வந்து வெயிலில் நின்றாள். பக்கத்து வீட்டு துர்காதேவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கழுத்துப் பிடிப்புக்குத் தணிகைவேலிடம் நீவிக்கொண்டவள், அவனை வாய் நிறைய அண்ணன் என்று கூப்பிட்டவள்.

"இன்னாக்கா, மூஞ்சி வெளுத்துப்போய்க் கீது? கை வலிக்குதா?"

"இல்ல. சும்மாதான்."

"எனக்கு ஒண்ணு மனசுல ஓடிக்கினே இருக்குதுக்கா. அண்ணன் உனக்கு ரெண்டு நாளுதான நீவுனாரு? மூணாவது நடக்கவே இல்லியே."

"கட்டுப் போட்டாச்சி, இனிமே இன்னா நீவலு."

"அதுக்கில்ல. பாதியில உட்டா கை அங்கியே நின்னுடும்னு அவரே சொல்லிக்கினு இருப்பாரே." துர்காதேவி துணிக்குக் கிளிப் மாட்டினாள். "சாமிகிட்ட கேட்டுக்கோக்கா. பாவம், அந்த மனுசனுக்கு எம்மாம் பாசம் உம்மேல."

கலைவாணி மறுநாளே திருப்பதிக்குப் போனாள். கட்டை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். படகின் பின்பாதி மற்ற எலும்புகளைவிட வெள்ளையாகத் தெரிந்தது. ரத்தம் போகாமல் செத்த எலும்பு இப்படித்தான் வெளுக்கும் என்றார். அடுத்த தடவைக்குள் உயிர் வராவிட்டால் ஆபரேஷன், இப்போதைக்குக் கட்டை எடுத்தால் கை போய்விடும், அப்புறம் கம்பெனியில் ஒயர் கோக்கிற வேலையை மறந்துவிட வேண்டியதுதான். அந்த வேலை போனால் பிரீத்தியோடு அவள் எங்கே போவாள். அந்த வெள்ளைத் துண்டை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழியில்லாதபோது மனுஷிக்கு மூளை வேலை செய்யும். பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டாள். அவன் சட்டம் அவனுக்கே. முகம் கழுவியவளை அவன் நீவ மாட்டான். பேசுகிறவளை நீவ மாட்டான். செல்போனில் அலாரம் வைத்து, கோழி கூவும் முன் எழுந்து, குளிர்ந்த தண்ணீரை முகத்தில் அடித்துக் கழுவி, விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, சூரியன் வரும்வரை வாய் ஓயாமல் பேசினாள். பிரீத்தியின் பாடப் புத்தகத்தை எடுத்துத் தெலுங்குப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்தாள். திருத்தணி முருகனைத் திட்டினாள். சூரியன் எழுந்ததும் சோர்ந்து சுவரில் சாய்ந்தாள்.

அது வேலை செய்தது. சத்தம் இல்லை, வாசனை இல்லை. ஆனால் தூக்கமும் இல்லை. கண்ணுக்கடியில் கருவளையம் விழுந்தது. சாம்பாரில் உப்பு இரண்டு முறை விழுந்தது.

"ம்மா, நீ தூங்கவே மாட்டியா?" என்று கேட்டாள் பிரீத்தி.

"கட்டு பிரிச்சதும் தூங்கறேன், கண்ணு."

பிரீத்திக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்பன் இருந்தபோதுதான் அம்மா தூங்கவில்லை, இப்போதாவது தூங்கட்டும் என்று அந்தச் சின்ன மனசுக்குப் பட்டிருக்க வேண்டும். படுக்கும் முன் அம்மாவுக்குத் தெரியாமல் செல்போனை எடுத்து அலாரத்தை நிறுத்தி வைத்தாள்.

கலைவாணி விழித்தபோது ஜன்னல் சாம்பல் நிறத்தில் இருந்தது. தெருமுனையில் பால் வண்டியின் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. முகத்தில் தூக்கத்தின் பிசுக்கு. வலது கை அவள் பக்கத்தில் இல்லை, சற்றுத் தள்ளி, உயரமாக, ஏதோ ஒன்றின் மேல் வைக்கப்பட்டிருந்தது. யாருடைய மடியிலோ வைத்தது போல. அதற்கடியில் வெறும் பாய்தான் இருந்தது. பாய்க்கும் கைக்கும் நடுவில் இடைவெளி இருந்தது.

பூண்டு வாசனை.

எழ வேண்டும். முகம் கழுவ வேண்டும். பேச வேண்டும். வாயைத் திறந்தாள். திறக்கவில்லை. பற்கள் ஒன்றோடொன்று அழுந்திக்கொண்டு நின்றன. எத்தனையோ ராத்திரி, பிரீத்தி எழுந்துவிடக் கூடாதென்று அவளே அழுத்திக்கொண்ட மாதிரி.

கட்டுக்குள்ளே, மாவுக்கும் தோலுக்கும் நடுவே, இடமே இல்லாத இடத்தில், ஒரு கட்டைவிரல் வந்து குழியில் உட்கார்ந்தது. அழுத்தியது. மேலே ஏறியது, முழங்கைப் பக்கமாக. திரும்ப வந்து குழியில் இறங்கியது. மறுபடி ஏறியது. வலிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. இதமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் கை அவளுக்கு இதமாக இருந்தது அந்த ஒரு முறைதான். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. உள்ளே ஏதோ ஒன்று சூடேறி, துடித்து, நாடியோடு சேர்ந்துகொண்டது.

கை மெல்லப் பாயில் இறங்கியது.

டக்.

இப்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த அவளுடைய மோதிர விரல், உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்து, தெறித்து நிமிர்ந்தது.

பக்கத்தில் பிரீத்தி தூக்கத்தில் கால்களை நீட்டிக்கொண்டாள்.

அடுத்த தடவை திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு ஏக சந்தோஷம். கூட இருந்த மாணவர்களைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். வெள்ளைத் துண்டைக் காணோம். படகு முழுசாக, ஒரே நிறத்தில், கோடில்லாமல் கிடந்தது. "எக்கடநுஞ்சி ஒச்சிந்தோ ரக்தம்" என்றார். எங்கிருந்து ரத்தம் வந்ததோ. "நீ ரொம்ப லக்கி அம்மா. செத்த எலும்புக்கு இவ்வளவு சீக்கிரம் உயிர் வந்து நான் பார்த்ததில்லை."

ரம்பம் கிர்ரென்று ஓடி மாவைப் பிளந்தது. கட்டு பிரித்த கை காய்ந்து, செதில் உதிர்ந்து, மெலிந்து வரும் என்று நர்ஸ் முன்னமே சொல்லி வைத்திருந்தாள். துணியை விலக்கியவள் கொஞ்சம் நின்றாள். "நூனெ ராசினட்டு உந்தே" என்றாள் தனக்குள். எண்ணெய் தேய்த்தது போல் இருக்கிறதே என்றுதான். தோல் மழமழவென்று மின்னியது. கை மெலியவும் இல்லை. கட்டைவிரல் அவளுடையதைவிட அகலமாக இருப்பதாகக் கலைவாணிக்குத் தோன்றியது.

டாக்டர் விரல்களை மடக்கி நிமிர்த்தச் சொன்னார். மோதிர விரல் மாட்டிக்கொண்டது. பிறகு தெறித்தது. "இது சகஜம்தான். போகலேன்னா ஒரு ஊசி போட்டுடலாம்."

"இந்தக் கைய எடுத்துடுங்க சார்" என்றாள் கலைவாணி.

"இப்பதான எடுத்தோம் கட்டை" என்று சிரித்தார் டாக்டர். அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

வழியெல்லாம் வலது கையை முந்தானையில் சுருட்டி மடியில் அமுக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அது ஒன்றும் செய்யவில்லை. சூடாக, கனமாக, சமத்தாக உட்கார்ந்து வந்தது. நாகலாபுரம் தாண்டும்போது முடிவெடுத்தாள். பிரீத்தி இன்றைக்கு துர்காதேவி வீட்டில் படுக்கட்டும். நாளைக்கும் அங்கேயே படுக்கட்டும். அப்புறம் என்ன செய்வதென்று யோசிக்கலாம்.

வீட்டுக்கு வரும்போது சாயங்காலம். இன்னும் வெளிச்சம் இருந்தது. பிரீத்தி பள்ளிச் சீருடையோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"ம்மா, கட்டு பிரிச்சாச்சா? காட்டு காட்டு."

"அப்பறம். நீ போய் துர்கா அக்கா வூட்ல இரு. இன்னிக்கு அங்கியே துன்னுட்டுப் படுத்துக்கோ."

"இன்னாத்துக்கு? நீ தூங்கத்தான சொன்ன, கட்டு பிரிச்சா தூங்கறேன்னு. நானும் உங்கூடத்தான் படுப்பேன்."

"சொன்னா கேளு கண்ணு. கிட்ட வராத. போ."

கலைவாணி சுவரோரம் ஒதுங்கி உட்கார்ந்து, வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அம்மா தள்ளித் தள்ளிப் போனது பிள்ளைக்குக் கை வலியால் என்றுதான் தோன்றியிருக்கும். பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். முந்தானையைப் பிரித்தாள். தடுக்க இடது கையைக் கொண்டுவருவதற்குள், அந்தக் கை தானாகவே முன்னால் வந்து பிள்ளையின் மடியில் படுத்துக்கொண்டது.

"நானு நீவி உடட்டாம்மா? நைனா மாதிரி?"

சின்னக் கட்டைவிரலால் தடவிக் கொடுத்தாள். முழங்கைப் பக்கமாக மேலே. திரும்பக் கீழே. கை அசையவில்லை. கலைவாணி மூச்சு விடவில்லை. வெளியே ஷிப்ட் வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு தெருவைக் கடந்தது.

கை புரண்டது.

பிரீத்தியின் மணிக்கட்டைச் சுற்றி விரல்கள் மூடின. முதலில் பிள்ளை சிரித்தாள், அம்மா விளையாடுகிறாள் என்று. கட்டைவிரல் மெதுவாக நகர்ந்து அந்தக் குழியைத் தேடியது. கண்டுபிடித்தது. இறங்கியது.

"ம்மா. வலிக்குது."

விடு. விடுடா. இடது கையால் விரல்களைப் பிரித்தாள். நகத்தால் கீறினாள். ரத்தம் வந்தது, அவளுடைய ரத்தம், வலியும் அவளுக்குத்தான். பல்லால் கடித்தாள். எண்ணெய் ருசித்தது. விரல்கள் பிரியவில்லை. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கத் தொடங்கின.

பிரீத்தி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். யாருடைய கை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தவள், திறந்த வாயை அப்படியே மூடி, பற்களைக் கடித்துக்கொண்டாள். தோளைக் குறுக்கினாள். அம்மாவைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட குறுக்கல்.

சுவரோரத்தில் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். அந்த ஒரு சின்னச் சத்தம் கேட்டால் போதும். வெளிச்சம் ஜன்னலிலிருந்து இறங்கி, ஆணியில் தொங்கிய சட்டையைத் தாண்டி, தரைக்கு வந்து தீர்ந்தது.

கை விடவில்லை.